நாலு

ஐந்தாவது கொண்டையூசி வளைவில்
இரண்டு விளக்கு திரும்பியதுமே
தனபாண்டியண்ணன் தலை எண்ண ஆரம்பித்துவிட்டான்.
"எத்தன பேருன்னு தெரியுதா?"
தெரியவில்லை. பனி.

அடிவாரச் செக்போஸ்ட்டுக்கு எதிரே டீக்கடை பெஞ்சு.
அண்ணன்கள் இருவர், வக்கீல் ஒருவர், நான்.
மஞ்சள் பையில் விடுதலைப் பத்திரம்,
குழந்தையைத் தருவதுபோல்
என் மடியில் தந்திருந்தார்கள்.

அப்பாவுக்குக் கீழே ஒரு ஜவ்வரிசி ஆலை,
மேலே நாகலூர்ப் பக்கம் பதினோரு ஏக்கர் காப்பி.
கீழே ஒரு வீடு, மேலே ஒரு வீடு.
அம்மா அதை 'எஸ்டேட் வேலை' என்றே சொல்வாள்.
அந்த வேலைக்குப் பிறந்தவன்
காரிராமன்.
கருமாதியன்று பந்தலுக்கு வெளியே நின்று
மொட்டைத் தலையோடு மலையேறிப் போனான்.

இந்தக் கதையை நான் முன்பே கேட்டிருக்கிறேன்,
மக்காச்கலாவில், டாக்டருக்குப் படித்த காலத்தில்.
ஜன்னலுக்கு முன்னால் காஸ்பியன், பின்னால் தார்க்கி மலை.
அறையில் குமுக்குப் பெண் ஆயிஷத்,
நால்சிக்கிலிருந்து வந்த சர்க்காசியப் பெண் சத்தனேய்.

தார்க்கியை ஆண்ட குமுக்குத் தலைவனுக்கு
உயர்குடி மனைவியிடம் பிள்ளைகள் பலர்,
சர்க்காசியாள் ஒருத்தியிடம் ஒரே ஒருவன்.
தகப்பன் கண்ணை மூடியதும்
'உன் தாய் எங்கள் தரமில்லை' என்றார்கள் அண்ணன்கள்.
அவன் பேசவில்லையாம்.
குதிரையைத் தாய்மாமன் நாட்டுக்குத் திருப்பினானாம்.
திரும்பி வரும்போது
தெரெக் ஆற்றின் மேல் கிடந்தது பனியல்ல,
கபர்தாவின் குதிரைகள் விட்ட மூச்சு.

ஆயிஷத் சொன்னால் அவன் குமுக்கு வீரன்.
சத்தனேய் சொன்னால்
குதிரை எங்களது, ஈட்டி எங்களது,
அவனை ஆளாக்கிய பாலும் எங்களது.
உருளைக்கிழங்குத் தோலைச் சீவியபடியே
நானூறு வருஷத்தையும் சண்டை போட்டார்கள்.
சுன்ஜா ஆற்றுக் கோட்டையை யார் கூப்பிட்டுக் கட்டவைத்தது,
யார் போய் இடித்தது.
தார்க்கிக்காரனை அடக்க
மாஸ்கோ ராஜாவுக்கு மகளைக் கட்டிக்கொடுத்த
கபர்தா பிரபு கெட்டிக்காரனா, துரோகியா.

அந்தப் பெண்ணை யாராவது கேட்டார்களா என்றேன்.
இரண்டு கத்தியும் ஒன்றாக நின்றன.
அப்புறம் ஒருத்தி
உப்பு எங்கே என்றாள்.

ஜீப் வந்து நின்றது.
மாமன்மார் ஐந்து பேர். மங்கி குல்லா, கம்பளி.
அண்ணன் எதிர்பார்த்த அரிவாள் இல்லை.
ஒரு பலாப்பழம் இருந்தது,
சாக்கில் சுற்றி,
கைக்குழந்தைபோல் ஒருவர் மார்பில் தாங்கி.
கடைசியாக இறங்கினான் காரிராமன்.
அப்பாவைப்போலவே இடது காலை முதலில் ஊன்றி.
கன்னத்தோடு ஒட்டிய காதுமடல்.
மரபணுப் பாடத்தில் படம் போட்டுக் காட்டுவார்கள்,
எனக்கும் அப்படித்தான்.

யாரும் வணக்கம் சொல்லவில்லை.
டீக்கடைக்காரர் ஐந்து கிளாஸைக் கழுவினார்,
எங்கள் பக்கம் பார்த்துவிட்டு
ஆறாவதையும்.

அண்ணன் என் காதோரம் குனிந்தான்:
"மொதல்ல நீ போட்டுரு பாப்பா.
அம்மா நேத்தே போட்டாச்சு.
பொம்பளப் புள்ளயே விட்டுக்குடுத்துருச்சுன்னா
அவன் எந்த வாயில பங்கு கேப்பான்?"

ஆக,
மாஸ்கோவுக்குப் போகும் வண்டியில்
நான் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருக்கிறேன்.
மடியில் சீதனம்போல் மஞ்சள் பை.

வக்கீல் தொண்டையைச் செருமினார்.
"எத்தனை பங்குன்னு முதல்ல பேசிக்குவோம்."
இரண்டு, என்றான் அண்ணன்.
மூன்று, என்றார் பலாப்பழத்தை இறக்கி வைத்தவர்.
அதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது.
காரிராமன் என் கையிலிருந்த பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் மூடியைப் போட்டு மூடினேன்.
நாலு, என்றேன்.

ஜீப்பின் எஞ்சினை யாரும் இன்னும் அணைக்கவில்லை.
கேட்டிருக்காது.
இன்னொரு தடவை சொன்னேன்.